ஜம்ரிக்குக் கொடுத்த வேர்க்கட்டை

"கட்டைய வேக வைக்கிறதுக்கு என் பானைதான் கெடைச்சுதா உங்களுக்கு? நாளைக்கு எங்கக்கா வீட்டு விருந்துக்கு நான் இதுலதான் ரெண்டாங் கறி சமைக்கணும்."

"கழுவிக் குடுத்துர்றேன் ரொஸ். வெறும் மரந்தானே. உங்கக்கா சமையலுக்கு இது எவ்வளவோ தேவல, வாசனையாவது வரும்."

"எங்கக்காவ இழுக்காதீங்க. முந்தாநாளு பூரா மூச்சு வாங்கி ஸ்ப்ரே அடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. இன்னிக்கு மழையில ஆவி புடிக்கிறீங்களா?"

"ஆவி புடிச்சா நெஞ்சுக்கு நல்லதுன்னு நீதானே சொல்லுவ."

"அது எலுமிச்சம்புல்லு போட்ட ஆவி. இது எந்தச் சாக்கடையில கெடந்த கட்டையோ."

"சாக்கடையா? பக்கத்து வீட்டு பாங் கஹார் குடுத்தது இது. அவரு குடுத்தா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம். அந்த வாளியப் பாரு, இறால் எப்படித் துள்ளுதுன்னு. இறாலுக்கே ஒண்ணும் ஆகலன்னா நமக்கு என்ன ஆயிடப் போவுது?"

"அப்ப அந்த இறாலையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க."

ஜம்ரியின் மனைவி ரொஸ்னா சொன்னதுதான் சரி. சமைக்கிற பாத்திரத்தில் மீன்தொட்டிக் கட்டையை வேக வைக்கக் கூடாது. இதை நான் இந்த மீன் வளர்ப்புக் குரூப்பில் பலமுறை எழுதியிருக்கிறேன். மரத்தின் சாயம் பாத்திரத்தில் ஏறிவிடும், பாத்திரத்தின் எண்ணெய் கட்டையில் ஏறிவிடும். இரண்டுக்கும் கெடுதல்.

அவர்கள் சண்டை போட்டபோது நான் என் வீட்டுப் பின்கட்டில் பில்டர் பஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தேன். கோலகங்சாரில் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாமே ஒட்டு வீடுகள். எனக்கும் ஜம்ரிக்கும் நடுவில் ஒரே சுவர். பின்கட்டில் அந்தச் சுவர் ஆள் உயரத்தோடு நின்றுவிடும். மேலே இடைவெளி, அதற்கும் மேலே பொதுவான தகரக் கூரை. அவன் தும்மினால் எனக்குக் கேட்கும். கூடப்பிறந்த அண்ணனைக் கூப்பிடுவது போல என்னை 'பாங் கஹார்' என்றுதான் கூப்பிடுவான்.

ஜம்ரி இறந்த பிறகு நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படித்தேன். நல்ல மனிதன், சிரித்த முகம், யார் கேட்டாலும் செடி கொடுப்பான் என்று எழுதியிருந்தீர்கள். அதெல்லாம் உண்மை. இழுப்பு நோய் இருந்தவன், மூடிய அறையில் கேஸ் டார்ச்சால் கட்டையைச் சுட்டால் இப்படித்தான் ஆகும் என்று சிலர் எழுதினார்கள். ஒருவர், ஆற்றில் எடுத்த கட்டை எதுவுமே ஆபத்துதான், கடையில் வாங்குவதுதான் நல்லது என்று எழுதினார். அதற்கு நிறைய லைக். அதைப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும் என்று தோன்றியது. தவறான தகவல் இந்தக் குரூப்பில் நிற்பது எனக்குப் பிடிக்காது. ஆற்றுக் கட்டையில் ஆபத்து இல்லை. எந்த மரம் என்று தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் நகராட்சியில் மரம் வெட்டும் பிரிவில் இருக்கிறேன். பேராக் ஆற்றின் கரையில் எது விழுந்தாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். கட்டை எடுக்க நான் பார்ப்பது இதுதான். செத்து வெகுநாள் ஆன மரமாக இருக்க வேண்டும். நகத்தால் கீறினால் பச்சை தெரியக் கூடாது, பிசுபிசுப்பு இருக்கக் கூடாது. முகர்ந்தால் மண்வாசனை மட்டும் வர வேண்டும். கையில் தூக்கினால் பார்வைக்கு இருப்பதைவிடக் கனமாக இருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீரில் அமிழும். பட்டையை முழுக்க உரித்துவிட வேண்டும். பிறகு வேக வைத்து, தேய்த்து, டிரம்மில் ஊறப் போட வேண்டும். தண்ணீர் தேத்தண்ணி மாதிரி ஆகும். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் நிறம் மிச்சம் இருந்தால் பரவாயில்லை, நம்ம ஊர் மீன்களுக்கு அந்தத் தண்ணீர்தான் பிடிக்கும். கடைசியில் வாளியில் கட்டையோடு இறால் விட்டுப் பார்ப்போம். இறாலைவிட சீக்கிரம் சாகிற உயிர் தொட்டியில் கிடையாது. அது பிழைத்தால் கட்டை நல்லது. இது நம் எல்லோருக்கும் தெரிந்த முறை.

என் சாக்லேட் குராமிகளை உங்களில் பலர் வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறீர்கள். மற்றவர்கள் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். வளர்க்கச் சிரமமான மீன். அதைவிடச் சிரமம் அது முட்டை வைப்பது. தாய்மீன் முட்டைகளை வாயில் வைத்துக்கொண்டு, குஞ்சு வெளியே வரும்வரை எதுவும் தின்னாமல் கட்டையின் அடியில் நிற்கும். என் மனைவி மகளோடு ஜொகூரில் இருக்கிறாள். மகளுக்குப் பிரசவம் என்று போன் வந்தபோது என் தாய்மீனின் தொண்டை உப்பியிருந்தது. மூன்று வருடத்தில் முதல்முறை. நான் போக மாட்டேன் என்றுதான் சொன்னேன். மனைவி போனை வைத்துவிட்டாள். அதனால் போனேன். சாவியை ஜம்ரியிடம் கொடுத்தேன். தீனி போட வேண்டாம், கையை உள்ளே விட வேண்டாம், விளக்கை மட்டும் போட்டு அணைத்தால் போதும் என்று சொன்னேன்.

அவன் எனக்கு ஒரு ஆச்சரியம் கொடுக்க நினைத்தான். தச்சுப்பட்டறை ஒன்றின் பின்னால் கிடந்த அழகான கட்டை ஒன்றை எடுத்துவந்து என் தொட்டியில் வைத்தான். கரையான் வராமல் இருக்க மருந்தில் ஊற வைத்த கட்டை அது. அவனுக்குத் தெரியாது. கழுவியதாகச் சொன்னான். நான் திரும்பி வந்தபோது தொட்டி நிறைய ஆரஞ்சு நிறத்தில் மலிவான மீன்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெறும் தொட்டியைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டப்படும் என்று, கட்டையை எடுத்துத் தண்ணீரை மாற்றிவிட்டு, வாங்கி விட்டிருக்கிறான்.

"கோச்சிக்காதீங்க பாங். இதுங்களும் அழகாத்தான் இருக்கு. மீன்தானே, மறுபடியும் புடிச்சிக்கலாம்."

"தாய்மீன் எங்க?"

"எல்லாத்தையும் ஒண்ணாத்தான் பொதைச்சேன். பப்பாளி மரத்துக்கிட்ட. இந்த வருஷம் பழம் நல்லா காய்க்கும் பாருங்க."

என்னைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னான். பிறகு அதையே காப்பிக் கடையில் சொன்னான். பிறகு இந்தக் குரூப்பிலும் எழுதினான், உங்களுக்கு நினைவிருக்கும். கோலகங்சாரின் பெரிய மீன் கொலைகாரன் என்று தன்னைத்தானே கிண்டல் செய்து, ஆரஞ்சு மீன்களின் போட்டோவோடு. நீங்கள் எல்லோரும் சிரிப்புக் குறி போட்டீர்கள். நானும் போட்டேன். உங்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

அடுத்த வெள்ளத்தில் ஆற்றங்கரையில் ஒரு ரெங்காஸ் மரம் வேரோடு சாய்ந்தது. எங்கள் ஆட்கள் பக்கத்தில் போகவில்லை. அதன் பால் பட்டால் சேராங்கொட்டைப் பால் பட்ட மாதிரி உடம்பு கொப்பளித்துவிடும். வெட்டிய இடம் முதலில் சிவப்பாக இருக்கும், பிறகு தார் மாதிரி கறுத்துவிடும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் முன்பு தெரியாமல் அதன் கிளைகளைக் குப்பையோடு கொளுத்திவிட்டு, முகம் வீங்கி, மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்கு இழுப்பு நோய் கிடையாது. நல்ல திடமான ஆள்.

நான் கையுறை போட்டுக்கொண்டு அதன் வேரில் ஒரு துண்டு எடுத்தேன்.

அவசரமாக எடுத்ததாக நினைக்க வேண்டாம். எனக்காக எடுப்பதைப் போலவே பார்த்து எடுத்தேன். விரித்த கை மாதிரி ஐந்து பிரிவு. நடுவில் ஆழமான ஒரு பொந்து, மீன் ஒளிய நல்ல இடம். அவன் தொட்டியின் நீளம் எனக்குத் தெரியும், அதற்குச் சரியாக அறுத்தேன். பட்டையை உரித்து, அறுத்த இடங்களையும் வெளிப்புறத்தையும் பிசுக்கு போகும்வரை தேய்த்து, டிரம்மில் போட்டு ஊற வைத்தேன். தண்ணீர் மாற்றி மாற்றி, கடைசியில் நானே இறால் விட்டுப் பார்த்தேன். இறால் பிழைத்தது. மீனுக்குக் கெடுதல் செய்கிற கட்டையை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

பெருநாள் காலையில் ஜம்ரியும் ரொஸ்னாவும் வழக்கம்போல என் வீட்டுக்கு வந்தார்கள். பெருநாளில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, உள்ளும் புறமும் செய்த தப்பை மன்னிக்கச் சொல்லிக் கேட்பது எங்கள் வழக்கம். வருடா வருடம் வாயால் சொல்லிவிட்டுப் பலகாரத்தட்டைப் பார்ப்போம். அந்த வருடம் அவன் என் கையை விடவில்லை.

"பாங், அந்த மீன் விஷயம் மனசுல இருந்தா இன்னிக்கு விட்டுருங்க. நான் வேணும்னு பண்ணல."

"எப்பவோ விட்டாச்சு."

"சத்தியமா?"

"இரு, ஒனக்கு ஒண்ணு வச்சிருக்கேன்."

பத்திக் துணியில் கட்டிவைத்திருந்த கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவன் அவிழ்த்துப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. ரொஸ்னாதான் சிரித்தாள்.

"நல்லாருக்கு, எனக்குத் தங்க வளையல் வாங்கியாந்தாக்கூட இந்த மூஞ்சி இப்படி ஆகாது."

என்ன மரம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

பொந்துக்குள் பூச்சி இருக்கலாம், உன் முறையில் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். அவன் முறை உங்களுக்கும் தெரியும். அவன் வீடியோக்களைப் பார்த்திருக்கிறீர்கள். எந்தக் கட்டையாக இருந்தாலும் டார்ச் வைத்துப் பொந்துகளைக் கருக்கி, கரியைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் தொட்டியில் வைப்பான். கறுத்த கட்டை தண்ணீரில் அழகாகத் தெரியும் என்பான்.

ஆனால் உடனே சுடவில்லை. முதலில் வாளியில் போட்டு இறால் விட்டான். இரண்டு நாளைக்கு ஒருமுறை சுவருக்கு மேலே தலையை நீட்டி இறாலின் சுகத்தைச் சொல்வான். ஒருநாள் கையைக் காட்டினான். விரலிடுக்கில் சிவந்து, பொரிப் பொரியாக இருந்தது.

"ஒரே அரிப்பு பாங். இந்தக் கட்டையா இருக்குமோ?"

"இறால் உயிரோட இருக்கா?"

"இருக்கே. குட்டிகூடப் போட்டிருக்கு."

"அப்புறம் என்ன."

"அதானே. ரொஸ் துணி சோப்ப மாத்திட்டா, அதுதான்."

நான் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.

இனி அந்த மழைநாளுக்கு வருகிறேன். ரொஸ்னா அடுப்பில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, பானையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஜம்ரியின் தலை சுவருக்கு மேலே வந்தது.

"பானை போச்சு பாங். பொண்டாட்டியும் போயிட்டா. பொண்டாட்டி சாயங்காலம் வந்துருவா, பானை வராது."

"வேற பானை இல்லையா?"

"இருக்கறதெல்லாம் சின்னது. பேசாம சுட்டுரவா? வேக வைக்காம நேரா சுடலாமா?"

அவன் என்னிடம் கேட்டான். உன் இஷ்டம் என்று நான் சொன்னேன். அவன் போய் டார்ச்சை எடுத்தான். கேஸ் சீறுகிற சத்தம் கேட்டது. நான் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

முதலில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பிறகு இருமினான். டார்ச் நின்றது. ஸ்ப்ரே அடிக்கிற சத்தம், மறுபடி டார்ச். பொந்து ஆழமானது, உள்ளே வரை சூடு ஏற நேரமாகும் என்று எனக்குத் தெரியும். கட்டையின் வெளியே நான் தேய்த்து எடுத்திருந்தேன், உள்ளே இருந்த பால் அப்படியேதான் இருந்தது. தகரத்தின் கீழே புகை என் பக்கமும் வர ஆரம்பித்தது. நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சமையலறையில் நின்றாலும் கேட்டது. இருமல் மாறிவிட்டது. இருமல் மாதிரி இல்லை, நாற்காலியை இழுக்கிற மாதிரி இருந்தது.

"பாங்," என்றான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "பாங் கஹார்."

சத்தமாகக் கூப்பிடவில்லை. அவனால் முடியவில்லை.

நான் தொட்டி அருகில் போய் உட்கார்ந்தேன். அந்த ஆரஞ்சு மீன்கள்தான், அவன் வாங்கி விட்டவை. அவற்றை நான் அப்புறப்படுத்தவில்லை, நன்றாகவே வளர்த்தேன். அவற்றுக்குத் தீனி போட்டேன். எல்லா மீனும் மேலே வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஏதோ உருண்டு விழுந்தது. வாளியாக இருக்கலாம்.

ரொஸ்னா எதையோ மறந்துவிட்டு எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள். அவள் அலறியதும் நான் ஓடினேன். தாமானில் முதலில் ஓடியது நான்தான். துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, அவனைத் தூக்கி, என் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. வழி முழுக்க என் சட்டையைப் பிடித்திருந்தான். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். ஒரு வாரம் குழாயோடு படுத்திருந்தான். நான் தினமும் போனேன். ரொஸ்னாவுக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு போவேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, சொந்த அண்ணன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று அழுதாள். வெள்ளிக்கிழமை அவன் போய்விட்டான்.

மேலே ஒன்றைத் தவறாக எழுதிவிட்டேன். திரும்பப் படித்தபோது கண்ணில் பட்டது. உன் இஷ்டம் என்று மட்டும் நான் சொல்லவில்லை. நடந்தது இது.

"வேக வைக்காம நேரா சுடலாமா?" என்று அவன் கேட்டான்.

"சுடு. பொந்துக்குள்ள நல்லா ஆழம் வரைக்கும் சுடு. சன்னலையும் கதவையும் சாத்திக்க, என் துணியில புகை படியும்."

"சரி பாங்," என்று அவன் சன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்தினான். அவன் பின்கட்டுக் கதவு மழைக்கு ஊறி உப்பியிருந்தது. தோளால் இடித்து மூடுகிற சத்தம் கேட்டது.

அன்று விடியற்காலையிலிருந்தே மழை. என் கொடியில் ஒரு துணிகூட இல்லை. சுவருக்கு மேலே தலையை நீட்டியவனுக்கு அது தெரிந்திருக்கும். இருந்தாலும் சாத்தினான். நான் சொன்னால் கேட்பான்.

ஆக, இழுப்பு நோயால் அல்ல. டார்ச்சிலும் குறை இல்லை. ஆற்றுக் கட்டையைக் குற்றம் சொல்லாதீர்கள். நான்தான் செய்தேன். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் செய்தேன். இதைப் படிக்கிறவர்கள் போலீஸிடம் காட்டலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. கேட்டால் இதையேதான் சொல்வேன். நான் இங்கே எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது.

இறுதிக் காரியங்கள் முடிந்ததும், தொட்டியைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று ரொஸ்னா என்னிடம் சாவியைக் கொடுத்தாள். அந்தக் கட்டை பின்கட்டில் அப்படியே கிடந்தது. கையுறை போட்டுக் கரியைச் சுரண்டி, மறுபடி ஊற வைத்து, நானே அவன் தொட்டியில் வைத்தேன். அவன் ஆசைப்பட்ட மாதிரியே நடுவில் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். பிறகு அதில் ஒரு ஜோடி சாக்லேட் குராமி விட்டேன். அதே வகை மீன், ஆற்றில் நானே பிடித்தது. என் தொட்டியில் ஏனோ விட மனம் வரவில்லை. அவை அந்தப் பொந்துக்குள் போய் ஒட்டிக்கொண்டு நின்றன. போன மாதம் பெண்மீனின் தொண்டை உப்பியது.

நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ரொஸ்னா தொட்டியை மீனோடும் கட்டையோடும் யாருக்கோ கொடுத்துவிட்டாள். வேன் கொண்டுவந்து எடுத்துப் போனார்களாம். இந்தக் குரூப்பைச் சேர்ந்தவர் என்பது மட்டும் அவளுக்குத் தெரிகிறது, பெயர் தெரியவில்லை.

அது நீங்கள் என்றால் தயவுசெய்து பதில் போடுங்கள். தாய்மீன் இன்னும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறதா, குஞ்சு வெளியே வந்துவிட்டதா என்று மட்டும் சொன்னால் போதும். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டுப் பயந்து கட்டையை வெளியே எடுத்துவிடாதீர்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. மீன்கள் அதற்குப் பழகிவிட்டன.